அதையும் எழுதிடுங்க தம்பி

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் ஓர் எழுத்தாவது பிழையாக விழும். விழுந்தால் என் தொலைபேசி அடிக்கும். பணி ஓய்வு பெற்று, மகன் வீட்டோடு தீவை விட்டுப் பெருநிலத்துச் சிம்பாங் அம்பாட் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. அந்தக் குரலுக்கு நடுவிலிருக்கும் கடல் ஒரு பொருட்டே இல்லை. எங்களுக்கு அவர் டீச்சர். பினாங்கில் எத்தனையோ டீச்சர்கள் உண்டு. ஆனாலும் செய்தியாளர்கள் கூடும் இடத்தில் ஒருவர் காதைத் தேய்த்துக்கொண்டே "டீச்சர் கூப்பிட்டாங்க" என்று சொன்னால், எந்த டீச்சர் என்று யாரும் கேட்டதில்லை.

நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழின் பினாங்குச் செய்தியாளன். தலைமையகம் கோலாலம்பூரில். இங்கே ஜார்ஜ்டவுனில் துணிக்கடை ஒன்றின் மாடியில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, நான். வாரம் ஒருமுறை பினாங்குக்கென்று ஒரு பக்கம் வரும். கோயில் திருவிழா, இரத்ததான முகாம், சட்டமன்ற உறுப்பினர் அடைத்துக்கொண்ட வாய்க்காலைப் பார்வையிட்டது எல்லாம் போக மிஞ்சுகிற இடம் தமிழ்ப்பள்ளிகளுக்கு. தீவிலும் பெருநிலத்திலும் இருக்கிற பள்ளிகள் அத்தனையும் அந்த மிச்ச இடத்துக்குத்தான் முட்டி மோதும். பெரிய பள்ளிகள் கோப்பைகளோடு வரும். டீச்சரின் பள்ளி சிறியது. ஆண்டுக்காண்டு பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். அங்கே கோப்பை வைக்கும் கண்ணாடி அலமாரியில் பாதிக்கு மேல் பூச்சாடிகள். அந்தப் பள்ளியின் செய்திகளை வெளியே கொண்டுபோகும் பொறுப்பு டீச்சருக்கு.

நான் வேலையில் சேர்ந்த வாரமே அழைத்துவிட்டார். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் நான் தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தேன்.

"தம்பி, புதுசா வந்திருக்கீங்களாமே. ஒரு செய்தி இருக்கு. எங்க ரெண்டாம் ஆண்டு பையன் ஒருத்தன், பல் டாக்டர் வந்தப்ப அழுவாம பல்லப் புடுங்கிக்கிட்டான்."

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். இடம் இருந்தால் பார்க்கிறேன் என்று மரியாதையாகச் சொன்னேன். பிறகு, மனசாட்சி உறுத்திய குரலில் சொன்னார்:

"மொதல்ல கொஞ்சம் அழுதான். அதையும் எழுதிடுங்க தம்பி. இல்லன்னா அவன் கூடப் படிக்கிறவங்க நம்ப மாட்டாங்க."

டீச்சர் முழுவதும் இந்த இரண்டு பேச்சுக்குள் அடங்கிவிடுவார் என்று பின்னால்தான் எனக்குப் புரிந்தது. எந்தப் பிள்ளை எதைச் செய்தாலும் அவருக்கு அது நாடு தெரிந்துகொள்ள வேண்டிய சாதனை. அதே சமயம் ஒரு பொய், ஒரு பூச்சு, ஒரு சின்ன மறைப்புகூட அதில் கலக்கக் கூடாது. புகழ்வதில் இத்தனை ஆசையும் உண்மையில் இத்தனை பிடிவாதமும் ஒரே ஆளிடம் இருந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இரண்டும் சேர்ந்து செய்தியாகும்போது அது எங்கள் பக்கத்தில் பார்க்கிறவர்களைத் திகைக்க வைத்தது.

உதாரணத்துக்கு அந்தக் கதை சொல்லும் போட்டி. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி மூன்றாமிடம் பெற்றாள். டீச்சர் வாட்ஸ்அப் புலனத்தில் படமும் செய்தியும் அனுப்பினார். செய்தியின் கடைசி வரி: 'போட்டியில் கலந்துகொண்டவர்கள் மூவர்.' நான் அழைத்து, இந்த வரி வேண்டாமே, மூன்றாமிடம் என்று மட்டும் போட்டால் பிள்ளைக்கும் பெருமை, படிப்பவர்களுக்கும் நிம்மதி என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மற்ற பள்ளிகளிலிருந்து வரவேண்டிய பிள்ளைகள் எல்லாம் பயந்து பின்வாங்கியதால்தான் மூன்று பேர் ஆனார்கள், இவள் பின்வாங்கவில்லை, அதுதான் செய்தியே என்றார். அந்த வரியை எடுத்துவிட்டால் நான் எழுதுவது பாதிச் செய்தி என்றார். கடைசியில் அந்த வரியோடுதான் வந்தது. அந்தச் சிறுமியின் அம்மா செய்தியை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டினார் என்றும், சட்டத்தின் விளிம்பு அந்த வரியைச் சரியாக மறைத்துவிட்டது என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

படங்களும் அப்படியே. அவர் எடுக்கிற எல்லாப் படத்திலும் ஒரு பிள்ளை கண்ணை மூடியிருக்கும். இன்னொன்று எடுங்களேன் டீச்சர் என்றால், அந்த நொடியில் அவன் மூடித்தான் இருந்தான் என்பார். படத்துக்குக் கீழே இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதி, கூடவே அடையாளமும் எழுதுவார். ஒருமுறை கோலாலம்பூரில் யாரும் கவனிக்காமல் அப்படியே அச்சில் வந்துவிட்டது: 'கண் மூடியிருப்பவர் வெற்றியாளர். கொட்டாவி விடுபவர் தலைமையாசிரியர்.' தலைமையாசிரியர் நல்ல மனிதர். அன்று மட்டும் என்னிடம் ஒன்று கேட்டார்: நாலு தடவை படம் எடுத்தாங்க, நாலுலயும் நான் கொட்டாவியா விட்டேன்? டீச்சரிடம் விசாரித்தேன். நாலிலும் விட்டார் என்று வருத்தத்தோடு உறுதிப்படுத்தினார்.

பள்ளிக்கு வெளியிலும் அவர் மாறவில்லை. ஒருநாள் மாமாக் உணவுக்கடை ஒன்றில் நுரைக்க ஆற்றிய தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் மோட்டாரில் வந்து இறங்கினார். சேலைக்கு மேல் மழைக்கோட்டு, தலைக்கவசத்தில் பள்ளிச் சின்னம். எதிர்ச் சாரியில் ஒருவர் தன் காரை இரண்டு வேன்களுக்கு நடுவில் பின்பக்கமாக நுழைத்துக்கொண்டிருந்தார். ஜார்ஜ்டவுன் சந்துகளில் அது லேசுப்பட்ட வேலை இல்லைதான். டீச்சர் நின்று பார்த்தார். கார் ஒரே முயற்சியில் உள்ளே போனதும் நடுத்தெருவில் நின்று கைதட்டினார். காரிலிருந்து இறங்கிய சீனப் பெரியவர் யாருக்கு என்று சுற்றிப் பார்த்துவிட்டு, தனக்குத்தான் என்று தெரிந்ததும் வெட்கத்தோடு தலை குனிந்து வணங்கினார். டீச்சர் என் மேசைக்கு வந்து உட்கார்ந்து, எவ்வளவு அழகாக நுழைத்தார் பார்த்தீர்களா என்று கடைக்கே கேட்கும்படி வியந்தார். உடனே குரலைத் தாழ்த்தி, பக்கக் கண்ணாடி வேனில் லேசாக உரசியது, அதையும் சொல்லத்தான் வேண்டும் என்றார். அவர் தாழ்த்திய குரல் எதிர்ச் சாரிவரை போயிற்று. பெரியவர் மறுபடி போய்க் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. என் கட்டுரை வந்த நாளில் அழைத்து, ஒரு பிழைகூட இல்லை தம்பி என்பார். நான் மகிழ்வதற்குள், இரண்டாவது பத்தியைத் தவிர என்பார்.

கோலாலம்பூரில் எங்கள் பக்கத்தை வடிவமைத்த அண்ணன் அவரைப் 'பல் டீச்சர்' என்றுதான் குறிப்பிடுவார். இவங்க அனுப்புறத எல்லாம் போட்டா, அப்புறம் சாதிக்கிற பிள்ளைங்களுக்கு இடம் எங்க என்று கேட்பார். எனக்கும் அப்போது அந்தக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

காகம் விரட்டும் ஒரு கருவி வந்தது அதற்குப் பிறகு.

டீச்சரின் பள்ளிக்குப் பின்னால் ஒரு பாசார், காலைச் சந்தை. மீன் குடலுக்கும் கோழிக் கழிவுக்கும் வந்து கூடும் காகங்கள், இடைவேளை மணி அடித்ததும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கு இடம் மாறும். அங்கே நாலு பக்கமும் திறந்த கூரைதான். பிள்ளைகள் தட்டை வைத்துவிட்டுக் கை கழுவப் போனால் தட்டில் வெள்ளரித் துண்டு மட்டும் இருக்கும். இதற்கு ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி வழி கண்டுபிடித்தாள். அதிகம் பேசாத பிள்ளை. வருகைப் பதிவில் பெயர் வாசித்தால் கையை மட்டும் தூக்குவாள். அவளுடைய அப்பா பாயான் லெப்பாசுக்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர். மூடிப்போன ஒரு கைப்பேசிக் கடையிலிருந்து, ஆள் நுழைந்தால் தானாக அடிக்கும் வாசல் மணி ஒன்றைக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்திருந்தார். அவள் அதைப் பிரித்து, 'டிங் டாங்' சத்தத்துக்குப் பதிலாக வேறொரு சத்தம் வருகிற மாதிரி மாற்றி, காலணி வாங்கி வந்த ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அடக்கினாள். பெட்டிக்கு முன்னால் எது அசைந்தாலும் அந்தச் சத்தம் கிளம்பும்.

சத்தம் டீச்சருடையது. காலைச் சபைகூடலில் டீச்சர் பிள்ளைகளை அதட்டியதை அவருக்கே தெரியாமல் பதிவு செய்திருந்தாள். முதல் தடவை வகுப்பில் அவள் கருவியை இயக்கியபோது டீச்சர் நாற்காலியில் ஏறிச் சுவரில் எதையோ ஒட்டிக்கொண்டிருந்தார். "ஏய், யாரது அங்க, எறங்கு கீழ" என்று பெட்டி கத்தியது. டீச்சர் இறங்கிவிட்டார். இறங்கிய பிறகுதான் அது தன் குரல் என்று உணர்ந்தார். இதை எனக்குச் சொன்னதும் அவரேதான். அந்தப் பெட்டி வேலை செய்யும் என்பதற்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா தம்பி என்று கேட்டார்.

மாவட்டப் புத்தாக்கப் போட்டிக்கு அவளைக் கூட்டிப்போனார். போட்டி நடந்த மண்டபத்தில் காகம் எதுவும் இல்லை. நடுவர்களில் ஒரு மலாய்க்காரர் என்னதான் செய்கிறது பார்ப்போம் என்று பெட்டிக்கு முன்னால் கையை நீட்டினார். பெட்டி கத்தியது. அவர் பேனாவைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். யார் இது என்று அவர் மலாயில் கேட்க, சிறுமி ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்ற டீச்சரைக் கையால் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் முதல் மூன்று இடங்கள் வேறு பிள்ளைகளுக்குப் போயின. இவளுக்கு ஆறுதல் பரிசு. டீச்சர் அன்றே செய்தி அனுப்பினார். அதில், ஆறுதல் பரிசு இடம் கிடைக்காத எல்லாருக்கும் வழங்கப்பட்டது என்ற வரியும் தவறாமல் இருந்தது. நானும் ஒரு சொல் மாற்றாமல் கோலாலம்பூருக்கு அனுப்பினேன்.

அதே நாளில் நிபோங் திபால் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து இன்னொரு செய்தி வந்திருந்தது. அங்கே இரண்டு பையன்கள் வேறொரு போட்டியில் மாநில முதலிடம் பெற்றிருந்தார்கள். கோலாலம்பூர் அண்ணன் இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வைக்கும்போது தலைப்புகள் இடம் மாறிவிட்டன. மறுநாள் காலை, சப்பாத்துப் பெட்டியை அணைத்துக்கொண்டு நிற்கும் எங்கள் சிறுமியின் படத்துக்கு மேலே பெரிய எழுத்தில் 'மாநில முதலிடம்' என்று வந்தது. செய்தியை யார் முழுக்கப் படிக்கிறார்கள். படத்தையும் தலைப்பையும் பார்த்தார்கள், முடிந்தது.

அன்று காலை டீச்சர் அழைத்தபோது நான் தொலைபேசியைக் காதோடு ஒட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு மெல்லிய குரல்.

"தம்பி, இது யாரோட பரிசு?"

கோலாலம்பூருக்குப் பேசினேன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். திருத்தம் அடுத்த பினாங்குப் பக்கத்தில் வரும் என்றார். அடுத்த பக்கம் அடுத்த வாரம். அதற்குள் சனிக்கிழமை இருந்தது. அன்று பள்ளியில் முதலாம் ஆண்டுப் பதிவு நாள்.

பள்ளி வாரியத் தலைவர் பத்திரிகையைப் பார்த்ததும் துள்ளிவிட்டார். பள்ளியில் யாரையும் கேட்காமல் சட்டமன்ற உறுப்பினரை அழைத்தார். எல்லாரும் ஒய்.பி. என்று கூப்பிடும் அந்த மனிதர், பதிவு நாளன்றே வந்து மாணவியைக் கௌரவிப்பதாக ஒப்புக்கொண்டார். வாசலில் பதாகை கட்டியாயிற்று. அதில் சிறுமியின் முகம், அதைவிடப் பெரிதாக ஒய்.பி.யின் முகம். சிறுமியின் அப்பா பஸ்ஸில் ஏறிய எல்லாத் தொழிலாளர்களிடமும் பத்திரிகையைக் காட்டினார். வேலை முடிந்து வீடு திரும்பியவர்களிடமும் காட்டினார். வீட்டுக்குக் கேக் வாங்கிப் போனார். அவருக்குச் செய்தியின் உள்ளே இருந்ததைப் படித்துப் பார்க்கத் தோன்றவில்லை. மகளோ எப்போதும் போலப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்குப் போனேன். எங்கள் பத்திரிகையின் தவற்றுக்கு நேரில் வருத்தம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தலைமையாசிரியரின் அறையில் அவரும் டீச்சரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் கொட்டாவி விடவில்லை. நிலைமையின் தீவிரம் எனக்கு அதிலேயே தெரிந்தது.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நாளைக்குப் பெற்றோர் வருவார்கள். பிள்ளையை இங்கே சேர்ப்பதா, பெரிய பள்ளியில் சேர்ப்பதா என்று யோசித்துக்கொண்டு வருவார்கள். பதாகையைப் பார்த்து நாலு பேர் சேர்த்தால் பள்ளி பிழைக்கும். நாம் பொய் சொல்லவில்லை, பத்திரிகைதான் தப்பாகப் போட்டது, அடுத்த வாரம் அதுவே திருத்திவிடும். நாளை ஒருநாள் நாம் வாயை மூடிக்கொண்டால் போதும்.

டீச்சர் பதில் சொல்வதற்குள் கதவருகே நிழலாடியது. அந்தச் சிறுமி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. எங்களைப் பார்க்காமல் டீச்சரை மட்டும் பார்த்துக் கேட்டாள்.

"டீச்சர், பேப்பர்ல வந்துட்டா நான் ஜெயிச்ச மாதிரியா?"

டீச்சர் எழுந்துபோய் அவள் தோளில் கைவைத்து, இல்லை என்றார். நாளைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வகுப்புக்குப் போ என்றார். அவள் போன பிறகு தலைமையாசிரியரிடம் திரும்பினார்.

"சார், இல்லாததச் சொல்லிப் புகழ்ந்தா அந்தப் பிள்ளைக்குத் தெரியும் லா. அப்புறம் நாளைக்கு அது நெசமாவே ஜெயிக்கிறப்ப நான் புகழ்ந்தா எப்படி நம்பும்?"

தலைமையாசிரியர் கூரையைப் பார்த்தார். பிறகு, நாளைக்கு நிகழ்ச்சி நெறியாளர் நீங்கள்தானே, ஒலிவாங்கி உங்கள் கையில்தானே இருக்கும் என்று மட்டும் சொன்னார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம். டீச்சர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சிற்றுண்டிச்சாலையில்தான் நிகழ்ச்சி. பள்ளிக்கு மண்டபம் இல்லை. பெற்றோர், சின்னப் பிள்ளைகள், வாரியத்தார், முன்வரிசையில் சிறுமியின் அப்பா. பஸ் ஓட்டும் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒய்.பி. பேசினார். பினாங்கின் பெருமை என்றார், நாட்டின் எதிர்காலம் என்றார், காகத்தை வென்ற கண்மணி என்றார். பிஸ்கட் டின்களும் பழச்சாறும் அடுக்கி மினுமினுப்புத் தாள் சுற்றிய பெரிய பரிசுக்கூடை ஒன்றை உதவியாளர் தூக்கி வந்தார். சிறுமி அழுதுவிடுவாள் போல நின்றாள்.

டீச்சர் ஒலிவாங்கியை எடுத்தார். அவருக்கு அது தேவையே இல்லை. ஒய்.பி. அவர்களே, ஒரு சின்ன திருத்தம் என்றார். பத்திரிகையில் தலைப்பு மாறிவிட்டது, மாநில முதலிடம் நிபோங் திபால் பிள்ளைகளுடையது, நம் பிள்ளைக்குக் கிடைத்தது மாவட்ட அளவில் ஆறுதல் பரிசு என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதுவும் இடம் கிடைக்காத எல்லாருக்கும் கொடுத்தார்கள் என்று சேர்த்துச் சொன்னார்.

கூரைமேல் காகங்கள் நடக்கிற சத்தம் கேட்டது. வாரியத் தலைவர் தரையில் எதையோ தேடினார். சிறுமியின் அப்பா மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆனால் டீச்சர் முடிக்கவில்லை. அவருக்கு இனிமேல்தான் செய்தியே. இந்தப் பிள்ளை ஒரு வாசல் மணியைப் பிரித்துப் பார்த்ததையும், திரும்பப் பூட்டத் தெரியாமல் தவித்ததையும், தானே கற்றுக்கொண்டதையும் சொன்னார். தன் குரலுக்குத் தானே நாற்காலியிலிருந்து இறங்கியதைச் சொன்னார். நடுவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றதை நடித்தே காட்டினார். பின்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். பிறகு எல்லாரும். ஓர் ஆறுதல் பரிசை இவ்வளவு பெரிதாகப் புகழ்ந்து அந்தக் கூரையின்கீழ் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒய்.பி. அரசியல்வாதி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவருக்கு உடனே தெரிந்தது. பரிசு கிடக்கட்டும், கருவியைப் பார்ப்போம் என்றார். சப்பாத்துப் பெட்டியை மேசைமேல் வைத்தார்கள். விருந்தினர் தட்டிலிருந்து, உள்ளே மசாலா வைத்துப் பொரித்த கறிபாப் ஒன்றை ஒய்.பி. தானே எடுத்துப் பெட்டிக்கு முன்னால் வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றார்; சிறுமி பின்னாலிருந்து பெட்டியை இயக்கினாள். ஒரு காகம் இறங்கியது. தத்தித் தத்தி மேசைமேல் வந்தது.

"ஏய், யாரது அங்க, எறங்கு கீழ" என்று பெட்டி அலறியது.

வாரியத் தலைவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மேடைப் படியில் நின்ற உதவியாளர் கீழே இறங்கினார். தலைமையாசிரியர் நிமிர்ந்து நின்றார். பிள்ளைகள் அத்தனை பேரும் அசையாமல் வாய்மேல் விரலை வைத்தார்கள். அசராமல் இருந்தது காகம் மட்டும். ஒய்.பி. பதறிப்போய்க் கறிபாப்பைக் காப்பாற்றக் கையில் எடுத்தார். காகம் அவர் கையிலிருந்தே அதைப் பறித்துக்கொண்டு பாசார் பக்கம் பறந்தது.

ஒய்.பி. தன் விரல்களை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு குனிந்து, ஏன் பாப்பா இது வேலை செய்யவில்லை என்று சிறுமியிடம் கேட்டார். கேலியாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். டீச்சர் ஒலிவாங்கியை அவள் வாயருகே நீட்டினார். அவள் பேசுவாள் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை.

"மொத வாரம் பயந்துச்சு ஒய்.பி.," என்றாள். "அப்புறம் டீச்சர் சத்தம் மட்டும்தான் போடுவாங்க, ஒன்னும் செய்ய மாட்டாங்கன்னு காக்காவுக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு."

அந்தச் சிரிப்பில் கூரை அதிர்ந்தது. டீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். முதலில் எழுந்து நின்று கைதட்டியவர் சிறுமியின் அப்பா. மகளைப் பார்த்துத்தான் தட்டினார். அவள் தலையை நிமிர்த்தி அதை வாங்கிக்கொண்டாள்.

பரிசுக்கூடை நிபோங் திபாலுக்குத்தான் போக வேண்டும் என்று டீச்சர் பிடிவாதமாக நின்றார். ஒய்.பி.யின் உதவியாளர் அதை மறுபடி காரில் ஏற்றினார். நடந்த கலவரத்தில் சின்னப் பிள்ளைகள் ஒரு பிஸ்கட் டின்னை ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தார்கள். டீச்சர் அந்தப் பள்ளிக்கு அழைத்து, கூடை வருகிறது, ஒரு டின் குறையும், எங்கள் பிள்ளைகள்தான் தின்றார்கள் என்று முன்கூட்டியே தெரிவித்துவிட்டார்.

நான் நடந்ததை நடந்தபடி எழுதினேன். அடுத்த வாரப் பக்கத்தில் நிபோங் திபால் பையன்களின் படம் சரியான தலைப்போடு மேலே வந்தது. கீழே எங்கள் செய்தி. ஒய்.பி. கையை நீட்டியபடி நிற்க, காகம் சிறகு விரித்துக் கிளம்பும் படம். கோலாலம்பூர் அண்ணன் ஒரு வரிகூட வெட்டவில்லை. வெட்ட மனம் வரவில்லை என்றார்.

காலையிலேயே தொலைபேசி அடித்தது. பழைய குரல் திரும்பியிருந்தது. நான் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க தம்பி என்றார். நான் காத்திருந்தேன்.

"உருளைக்கிழங்கு கறிபாப்னு போட்டிருக்கீங்க. அது சார்டின் கறிபாப். உள்ள மீனு. நான்தான் வாங்கி வச்சேன்."

இதற்கெல்லாம் திருத்தம் போடுவார்களா டீச்சர் என்று கேட்டேன். போன வாரம் போட வேண்டியதை உடனே போட்டிருந்தால் அந்தப் பிள்ளை சனிக்கிழமைவரை தலைகுனிந்து நடந்திருக்காது, அதனால் இனிமேல் எல்லாத் திருத்தத்தையும் போட்டுப் பழகுங்கள் என்றார். அண்ணனிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். பல் டீச்சர் சொல்றது சரிதான் என்றார். அதற்கடுத்த பக்கத்தில் நாலு பக்கமும் கோடு போட்ட கட்டத்துக்குள் வந்தது: 'சட்டமன்ற உறுப்பினரின் கையிலிருந்து காகம் பறித்துச் சென்றது உருளைக்கிழங்கு கறிபாப் எனச் சென்ற வாரம் வெளியான செய்தி தவறு. அது சார்டின் கறிபாப். வருந்துகிறோம்.'

சில நாள் கழித்து வேறு வேலையாகப் பள்ளிக்குப் போனேன். நுழைந்ததும் இருக்கிற அறிவிப்புப் பலகையில் எங்கள் பத்திரிகைத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. செய்தி இல்லை, படம் இல்லை. அதில் பிழை இருந்ததால் டீச்சர் அதை ஒட்டவில்லை. திருத்தத்தை மட்டும் நடுவில், நாலு மூலையிலும் வண்ண ஊசி குத்தி மாட்டியிருந்தார்.

பதிவுக்குத் தாமதமாக வந்த இளம் தம்பதியர், கையில் ஒரு சிறுவனைப் பிடித்துக்கொண்டு அதைப் படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். எந்தக் காகம், எந்தச் சட்டமன்ற உறுப்பினர், இதை ஏன் பள்ளிக்கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று அந்தப் பெண் கணவனிடம் முணுமுணுத்தாள். பலகைக்குப் பக்கத்தில் அந்தச் சிறுமி நின்றுகொண்டிருந்தாள். வருகிறவர்களுக்கு வழிகாட்ட டீச்சர் அவளைத்தான் அங்கே நிறுத்தியிருந்தார்.

"அது பெரிய கதைங்க ஆன்ட்டி," என்றாள். அவர்கள் கேட்க நின்றார்கள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். மாவட்டப் போட்டியில் தனக்கு ஆறுதல் பரிசு கிடைத்ததிலிருந்து ஆரம்பித்தாள். அதுவும் எல்லாருக்கும் கொடுத்ததுதான் என்றாள்.